பிரேதத்தின் சூடு சொல்லும் நேரம்

பெருநகரத்துக் கொலைக் கதைகளில் தவறாமல் வரும் காட்சி இது. டாக்டர் பிரேதத்தைத் தொட்டுப் பார்க்கிறார். "பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் உயிர் போயிருக்கும்" என்கிறார். எப்படித் தெரிந்தது?

உடம்பில் மிஞ்சியிருக்கும் சூட்டை வைத்துத்தான். உயிருள்ள உடலின் உள்வெப்பம் சுமார் 37 பாகை செல்சியஸ். இறந்தபின் அது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை நோக்கி இறங்கும். ஆனால் உடனே இறங்காது. தோட்டத்துத் தடித்த ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்தால் மேல் ஆறிவிடும், பிட்டால் உள்ளே ஆவி பறக்கும். பிரேதமும் அப்படித்தான்: தோல் முதலில் ஆறும், உள்சூடு சற்று நேரம் அசையாது.

இந்தக் கணக்கு கொழும்பில் ஓர் உயிரோடு நேரடியாக விளையாடியது. 1951 அக்டோபரில் கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி கொலையுண்டார். குற்றம் கணவர் மீது விழுந்தது. அவர் வீட்டிலிருந்து புறப்படும் முன்பா, பின்பா உயிர் போனது? கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ நிபுணர் சர் சிட்னி ஸ்மித் சாட்சி சொல்ல வந்தார். 1953இல் சதாசிவம் விடுதலையானார்.

அவ்வழக்கில் சாட்சியமளித்த கொழும்புப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், 1955இல் இரு சகாக்களுடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் எப்படி ஆறின என்று அளந்த ஆய்வு அது. ஏன் அவர்கள்? உயிர் போன நேரம் ஐயமின்றித் தெரிந்த உடல்கள் அவையே. அந்த எண்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. ஆனாலும் வெப்ப நாட்டுக்கு அந்த அளவீடு தேவைப்பட்டது. குளிர்நாட்டு வாய்ப்பாடு இங்கே பிழைத்துப்போகும்.

நம் தீவுக்குள்ளேயே உடல் ஆறும் வேகம் ஊருக்கு ஊர் மாறும். கொழும்பில் காற்று 30 பாகை என்றால் உடலுக்கும் காற்றுக்கும் 7 பாகைதான் வித்தியாசம். 1,400 மீட்டருக்கு மேலேயுள்ள அப்புத்தளையில், 15 பாகைக் குளிரில், அது 22. மற்றதெல்லாம் ஒன்றாயிருந்தால் ஆரம்பத்தில் சூடு மூன்று மடங்கு வேகமாக வெளியேறும். ஆனால் லயத்துக் காம்பிராவில் அடுப்பு கனன்றபடி இருந்தால்? மேலே கம்பளி போர்த்தியிருந்தால்? மழையில் நனைந்து தேயிலை மலையில் கிடந்திருந்தால்? ஒவ்வொன்றிலும் கணக்கு வேறு.

அதனால்தான் பதுளையிலிருந்து மலையேறும் சட்ட வைத்திய அதிகாரி உடலின் சூட்டை மட்டும் அளந்தால் போதாது; அறைக் காற்றின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஆட்கள் நிறைந்து கதவு திறந்து மூடி அது மாறிவிடும் முன்பே.