ஆராய்ச்சியில் நோயாளியும் பங்காளியே

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன ஆய்வுகூடமும், அங்கே நுணுக்குக்காட்டியை நோக்கியவாறு இருக்கும் விஞ்ஞானியுமே. நோயாளி அக்காட்சியில் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும், இரத்தம் கொடுத்து, கேட்ட வினாக்களுக்கு விடையிறுத்து, வாய்பேசாது வீடு திரும்புபவராகவே இருக்கின்றார். ஆயின், நோயை ஆராய்பவர் ஒருவர். அதனோடு வாழ்பவர் இன்னொருவர். பின்னவர் அறிந்தவற்றுள் முன்னவர் அறியாதன பல உள. இவ்விருவரும் ஒன்றுகூடினால் விளையும் நன்மை யாது? கூடியபின் ஒருவர்க்கொருவர் ஆற்றவேண்டிய கடமை யாது? இவற்றைச் சிறிது நோக்குவோம்.

மூட்டுவாதத்துக்கு ஒரு புதிய மருந்து பயன்தருகின்றதா என்பதை வைத்தியர்கள் எவ்வாறு அளந்து வந்தனர்? வீங்கிய மூட்டுகளை எண்ணினர், வலியின் அளவைக் கேட்டனர், இரத்தத்தைச் சோதித்தனர். இத்தகைய அளவைகளை வகுக்கும் சர்வதேச நிபுணர் குழுவொன்று 2002ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலே கூடியபோது, நோயாளரையும் முதன்முறையாக அழைத்துத் தம்முடன் அமர்த்திக்கொண்டது. தம்மைப் பெரிதும் வாட்டுவனவற்றுள் களைப்பும் ஒன்று என நோயாளர் எடுத்துரைத்தனர். நிபுணர்களோ அதற்கு உரிய இடம் கொடுத்திருக்கவில்லை. பின்னர்ச் சில ஆண்டுகளுள், களைப்பும் அளக்கப்படவேண்டியதே என அக்குழு ஏற்றுக்கொண்டது. வினா சரியாக அமையாவிடின், விடை எத்துணை நுட்பமானதாயினும் பயன் யாது?

வினாவைத் திருத்துவதோடு நில்லாது, ஆராய்ச்சியையே முன்னின்று நடத்திய குடும்பமும் உண்டு. ஹண்டிங்டன் நோய் என்பது மூளையைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும் பரம்பரை நோய். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதளவில் அது தலைகாட்டும். கைகால்கள் தம் வசமிழந்து ஆடும், நினைவு மங்கும், குணமும் மாறும். பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்றாகும். இதனை 1872ஆம் ஆண்டில் தெளிவாக விவரித்தவர் ஜோர்ஜ் ஹண்டிங்டன் என்னும் இளம் அமெரிக்க வைத்தியர். அவருடைய தந்தையும் பாட்டனும் வைத்தியர்களே. ஓர் ஊர்க் குடும்பங்களை அம்மூவரும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தமையே அந்த விவரணத்துக்கு அடிப்படையாயிற்று.

1968ஆம் ஆண்டில், லெனோர் வெக்ஸ்லர் என்னும் அமெரிக்கப் பெண்மணிக்கு இந்நோய் உண்டெனத் தெரியவந்தது. அவருடைய இரு புதல்வியரின் தலைமேலும் அந்த அபாயம் தொங்கியது. புதல்வியரின் தந்தையாகிய மில்டன் வெக்ஸ்லர் சோர்ந்திருக்கவில்லை. விஞ்ஞானிகளைத் திரட்டி, ஆராய்ச்சிக்கென நிதியமொன்றையும் தோற்றுவித்தார். உளவியல் கற்ற இளைய மகள் நான்சி அம்முயற்சியில் முழுமையாக ஈடுபட்டார்.

தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டின் மரக்கைபோ ஏரிக்கரையில், வறிய மீனவக் குடும்பங்கள் பலவற்றில் இந்நோய் பரவியிருந்ததை அந்நாட்டு வைத்தியர் அமெரிக்கோ நெக்ரெட்டே 1950களிலேயே கண்டிருந்தார். 1979ஆம் ஆண்டு முதல் நான்சியும் அவர்தம் குழுவினரும் அங்கே சென்றனர். தம் தாயும் இந்நோயாலேயே இறந்தார் என்பதைக் கூறி, தாமும் ஆய்வுக்குத் தோல் கொடுத்த தழும்பைக் கையில் அவர் காட்டியபோது, வந்தவர் அந்நியரல்லர், தம்மைப் போன்ற துயர் உடையவரே என்பதை அம்மக்கள் உணர்ந்தனர். காலப்போக்கில் 18,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட வமிசாவளி தொகுக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் இரத்தம் கொடுத்தனர்.

பயன் விரைவிலேயே விளைந்தது. நோயின் காரணம் 4ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளதென 1983இல் அறியப்பட்டது. 1993இல் அதற்குரிய பரம்பரையலகே கண்டுபிடிக்கப்பட்டது. நோய் தோன்றுமுன்னரே அதனை அறியும் சோதனை இன்று உலகெங்கும் பயன்படுவது இம்மக்கள் ஈந்த இரத்தத்தினாலன்றோ! தமக்கும் இந்நோய் உண்டென்பதை நான்சி 2020ஆம் ஆண்டில் உலகறியக் கூறினார்.

ஆயினும், கதையின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. ஏரிக்கரையில் நோயாளருக்கென 1999இல் திறக்கப்பட்ட பராமரிப்பு இல்லம் 2014இல் மூடப்பட்டது. அறிவை உலகுக்கு அளித்தவர்கள் வறுமையிலிருந்து மீளவில்லை. பங்காளி என்ற பெயர் மட்டும் போதுமா? பயனிலும் பங்கு வேண்டும். விதை கொடுத்தவன் வீட்டில் உலை ஏறவில்லையாயின், அறுவடையைப் புகழ்வதில் நியாயம் யாது?

இவ்வுண்மையை மருத்துவ உலகமும் படிப்படியாக உணர்ந்து வருகின்றது. மனிதர்மீது நடத்தப்படும் ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964இல் வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனம் 2024இல் திருத்தப்பட்டபோது, "ஆய்வுக்கு உட்படுவோர்" என்ற சொல் நீங்கி, "பங்குபற்றுவோர்" என்ற சொல் இடம்பெற்றது. ஆய்வுக்கு முன்னும், அது நிகழும்போதும், முடிந்த பின்னும் அவர்களையும் அவர்தம் சமூகத்தையும் கலந்து செயற்படல் வேண்டுமென அது வற்புறுத்துகின்றது. சொல் மாறினால் மட்டும் செயல் மாறிவிடாது. எனினும் செயலைக் கேட்கும் உரிமையைச் சொல் தருகின்றது.

நாளை நம் வீட்டாரிடமும் ஆய்வாளர் ஒருவர் வந்து ஒத்துழைப்பை வேண்டக்கூடும். அஞ்சி விலகுதலும் வேண்டாம். கேளாது கையொப்பமிடுதலும் வேண்டாம். இவ்வாய்வு எதற்காக? இதனால் எமக்கு வரக்கூடிய தீங்கு யாது? வேண்டாமெனின் இடையில் விலகலாமா? முடிவை எமக்கும் அறிவிப்பீர்களா? இவ்வினாக்களைத் தயங்காது கேட்போம். வருங்கால வைத்தியர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் விளங்கப்போகும் மாணவ மாணவியரோ, இவற்றுக்கு விடைகூறுதல் தம் கடமையென்று இன்றே மனத்திற் கொள்வார்களாக. நோயாளியின் முன்னே அமர்ந்து செவிசாய்ப்பதும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே.