வாசற்படியிலே சமத்துவம்!

ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்கிறார்கள். ஏட்டிலே சமம், பாட்டிலே சமம், பிரசங்கத்திலே சமம். வாசற்படியிலே சமமா என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி!

அமெரிக்க நாட்டின் தென்புறத்தில், அலபாமா மாநிலத்தில், செல்மா என்றோர் சிறிய நகரம். அங்கே ஆங்கிலத் திருச்சபை வழிவந்த எபிஸ்கோபல் சபையார்க்கு ஒரு தேவாலயம். தூய பவுலின் பெயர் தாங்கியது. 1838 இல் அமைந்த சபை அது. பருத்தி கொழித்த பூமி. பருத்தியைக் கொழிக்கச் செய்தவரோ கறுப்பின அடிமைகள்! 1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களில், வடபுலப் படை ஊரைப் பிடித்தபோது தேவாலயம் எரிந்தது. அதே ஆண்டு அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தது. 1875 இல் புதிய தேவாலயம் எழுந்தது. கட்டடம் புதிது, அதனுள் குடிகொண்ட எண்ணமோ பழையது!

தொண்ணூறு ஆண்டுகள் உருண்டன. நிறம் காட்டி எவரையும் வழிபாட்டிலிருந்து விலக்கலாகாது என்று 1964 இல் திருச்சபையின் பொது மாமன்றமே விதி செய்தது. கதவு திறந்ததா? இல்லை! 1965 மார்ச் 7 அன்று, வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைச் செல்மாவின் பாலத்தருகே போலீசார் தடிகொண்டு தாக்கினர். மார்ட்டின் லூதர் கிங்கின் அழைப்பை ஏற்று ஓடிவந்தவர்களில் ஒருவர் ஜானதன் டேனியல்ஸ். வெள்ளை இனத்தவர், குருத்துவ மாணவர். கறுப்பினத் தோழர்களுடன் அவர் தேவாலயத்துக்குச் சென்றார். வாசலிலேயே தடுத்தனர். அவர்கள் மீண்டும் வந்தனர்! மார்ச் 28 அன்று கதவு திறந்தது. திறந்தும் என்ன? பின்வரிசையைக் காட்டினர், திருவிருந்திலே கடைசி இடம் தந்தனர். அதையும் எதிர்த்து முழங்கினார் அந்த இளைஞர்.

ஆகஸ்டு 20. பக்கத்து மாவட்டத்து ஹேன்வில்லில், ஆறு நாள் சிறையிருந்து வெளிவந்தவர்கள், தாகம் தீரக் குளிர்பானம் வாங்கக் கடைக்குச் சென்றனர். வாசலிலே துப்பாக்கியுடன் நின்றான் ஒரு வெள்ளையன். ரூபி சேல்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பெண்ணை நோக்கிக் குறி வைத்தான். அவளைத் தள்ளிவிட்டுத் தம் மார்பிலே குண்டேற்று மாண்டார் டேனியல்ஸ். வயது 26! சுட்டவன் தண்டிக்கப்பட்டானா? வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி, குற்றமற்றவன் என்று கூறி அனுப்பியது!

1991 இல் அதே திருச்சபை அவரைத் தியாகியென ஏற்று, ஆகஸ்டு 14 ஐ அவர் நினைவு நாளாக்கியது. வாழ்ந்தபோது பின்வரிசை, மாண்டபின் மாலை!

தோழர்களே! விதி எழுதப்பட்டது 1964 இல். கதவு திறந்தது 1965 இல். இடையிலே நின்றவை எவை? வாசலில் தடுக்கப்பட்டும் திரும்பி வந்த கால்கள்! சட்டம் சாவியைத் தரும். கதவைத் திறக்கக் கைகள் வேண்டும். உரிமை தாளிலே கிடைத்துவிட்டதென்று உறங்குவோர்க்குச் செல்மாவின் வாசற்படி சொல்லும் செய்தி இதுதான்!