காவல் பணியில் பணிச்சோர்வு: குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

இரவு ரோந்து முடித்துக் காலையில் வீடு திரும்பும் காவலர், அன்று மாலையே பந்தோபஸ்துக்கு அழைக்கப்படுவது உண்டு. அந்தக் களைப்பு உறங்கினால் தீரும். உறங்கியும் தீராமல் மாதக்கணக்கில் நீடிப்பதே பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு இதனை நோய் என்று கூறாமல், பணிச்சூழலால் விளையும் நிலை என வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், பணியின் மீது வெறுப்பும் விலகலும், திறன் குறைந்துவிட்டதென்ற எண்ணம் ஆகியன இதன் மூன்று கூறுகள்.

இவற்றுள் விலகலே எளிதில் கவனத்திலிருந்து தப்புகிறது. விபத்தில் இறந்தவரைக் கண்டும் மனத்தில் எதுவும் தோன்றாமை, புகார் அளிக்க வருபவரிடம் எரிந்து விழுதல் ஆகியவை பணி அனுபவத்தின் அடையாளமாகவே கொள்ளப்படலாம். வீட்டில் அவ்வாறு மறைக்க இயலாது. குழந்தை பேசும்போது பதில் வராமை, விடுப்பு நாளிலும் கைபேசியை விட்டு அகலாமை போன்றவற்றை முதலில் காண்பவர் நீங்களே. "ஏன் இப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பேச்சு அத்துடன் நின்றுவிடும், "இந்த வாரம் எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்?" என்று கேளுங்கள்.

இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார விடுப்பு வழங்கத் தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையிட்டது. அந்நாளை வீட்டு வேலைகளே விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பணிக்குப் பின் அறையை இருட்டாக்கி, தொடர்ந்து உறங்க விடுங்கள். பணியின் பிற்பகுதியில் தேநீர், காபியைத் தவிர்ப்பது நன்று. மது விரைவில் உறக்கம் தரும். ஆனால் பின்னிரவில் அதுவே உறக்கத்தைக் கலைக்கும்.

விடுப்பில் இருந்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, குறட்டையுடன் கூடிய உறக்க மூச்சுத்திணறல் ஆகியவையும் இதே களைப்பைத் தரும் என்பதால் மருத்துவப் பரிசோதனை தேவை. சிகிச்சை பெறுவது மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது.

உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் பேசினால் தனியே விடாதீர்கள். பணித் துப்பாக்கி கைவசம் இருந்தால், உடனே நிலையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசமாக 24 மணி நேரமும் இயங்குகிறது, குடும்பத்தினரும் அழைக்கலாம்.