21.7 கோடிப் பேர், 507.7 கோடி டாலர்: ட்விட்டரின் வரவு செலவு

2006 ஆகஸ்டில், மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தேடலும் விளம்பரமும் நடத்தும் உரிமைக்கு கூகுள் 90 கோடி டாலர் உத்தரவாதம் தந்தது. கூட்டம் குறையக்கூடாது என்பது நிபந்தனை. கூட்டம் இருந்தது, காசு வரவில்லை. சமூக வலைத்தள விளம்பரத்தில் எதிர்பார்த்த வருமானம் கிடைக்கவில்லை என்று 2008 தொடக்கத்திலேயே கூகுள் சொல்லிவிட்டது. 2005இல் மைஸ்பேஸின் தாய் நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிய விலை 58 கோடி டாலர். 2011இல் மைஸ்பேஸ் கைமாறியது சுமார் 3.5 கோடிக்கு.

தேடுபொறியில் 'வாஷிங் மெஷின் விலை' என்று தட்டுகிறவர் ஏறக்குறைய கடைவாசலில் நிற்கிறார். சமூக வலைத்தளத்துக்கு வருகிறவரோ திண்ணையில் பேச வந்தவர். அவரிடம் சரக்கை விற்பது கடினம் என்பதற்கு ட்விட்டரின் கணக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ட்விட்டர் விளம்பரம் விற்கத் தொடங்கியது 2010 ஏப்ரலில், பங்குச்சந்தைக்கு வந்தது 2013 நவம்பரில். 2013 முதல் 2021 வரை ஒன்பது ஆண்டுகளின் மொத்த வரவு சுமார் 2,455 கோடி டாலர். 2018, 2019 இரண்டு ஆண்டுகளில் மட்டும் நிகர லாபம். அதிலும் பெரும்பகுதி வரிக்கணக்கில் கிடைத்த ஆதாயம். ஒன்பது ஆண்டையும் கூட்டிக் கழித்தால் நிகர நட்டம் சுமார் 99 கோடி டாலர்.

2021ஆம் ஆண்டை மட்டும் பிரித்துப் பார்ப்போம் (கோடி டாலரில்):

மொத்த வரவு: 507.7 (இதில் விளம்பரம் சுமார் 451)
சேவையை நடத்தும் செலவு: 179.7
ஆராய்ச்சி, மென்பொருள் உருவாக்கம்: 124.7
விற்பனை, சந்தைப்படுத்தல்: 117.6
நிர்வாகம்: 58.4
வழக்குச் சமரசம்: 76.6
செயல்பாட்டு நட்டம்: 49.3

அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் பங்குதாரர்கள். பயனர் வளர்ச்சி பற்றி நிறுவனம் தவறான எண்ணம் ஏற்படுத்தியது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. தலையெண்ணிக்கையைக் காட்டியே பிழைக்கும் தொழிலில் அந்த எண்ணிக்கையே வழக்காகி வந்து நின்றது. வழக்குச் செலவை நீக்கிப் பார்த்தாலும், 100 டாலர் வரவில் மிஞ்சுவது 5.4 டாலர்தான். விளம்பரத்தை விற்பதற்கே அந்த நூறில் 23 டாலர் போய்விட்டது.

எல்லாத் தலைக்கும் ஒரே விலையும் இல்லை. 2021 கடைசிக் காலாண்டில் தினமும் வந்த 21.7 கோடிப் பேரில் அமெரிக்கர் 3.8 கோடி. அவர்களால் வந்தது 88.5 கோடி டாலர். தலைக்கு 23 டாலருக்கு மேல். மற்ற நாடுகளின் 17.9 கோடிப் பேரால் வந்தது சுமார் 68 கோடி, தலைக்கு 3.80 டாலர். சென்னையிலும் மதுரையிலும் விடிய விடியப் பதிவு போட்டவர்கள் இந்த இரண்டாவது கணக்கில்தான் வருகிறார்கள். அதே காலாண்டில் ஃபேஸ்புக் அமெரிக்கா, கனடாவில் தலைக்கு 60.57 டாலர் ஈட்டியது. ஆசிய-பசிபிக் பகுதியில் அதற்கும் 4.89 டாலர்தான்.

ஃபேஸ்புக்குக்கு ஆளைப் பற்றிய தகவல் அதிகம், அதனால் வரும்படியும் அதிகம். ஆனால் அந்தத் தகவலின் சாவி பிறர் கையில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், தன் கருவிகளில் ஓடும் செயலிகள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்று விதித்தது. அதனால் 2022இல் தன் வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே மதிப்பிட்டது.

ட்விட்டரின் பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. அதன் விளம்பர வருமானத்தில் சுமார் 85 சதவீதம் பெரிய நிறுவனங்களின் பெயர் விளம்பரம். உடனே விற்பனையைத் தராத அந்த விளம்பரம், பக்கத்தில் வெறுப்புப் பேச்சு தெரிந்தால் மறுநாளே நிறுத்தப்படும், நிறுத்தியவருக்கு நட்டமில்லை. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்கினார். அதில் சுமார் 1,300 கோடி கடன் நிறுவனத்தின் தலையிலேயே ஏறியது. விளம்பர வருமானம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டதாக 2023 ஜூலையில் அவரே எழுதினார்.