போகும் வாகனமும் நிற்கும் வாகனமும்

அண்மையில் ஒரு தம்பி எனது கடைக்கு வந்தார். "நானா, எங்கட ஊருக்கு பைபாஸ் வீதி வரப் போகுதாம். அதன் ஓரத்தில கடையொன்று பத்து வருடக் குத்தகைக்கு இருக்கு. நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் வாகனம் போகும் என்று அறிக்கையில போட்டிருக்காம். எடுக்கலாமா?" என்று கேட்டார்.

அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்று வியாபாரிகளாகிய நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் வீதியோரம் ஆட்களை நிறுத்தி பஸ், லொறி, முச்சக்கர வண்டி என வகை வகையாக எண்ணுவார்கள். சாரதிகளிடம் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று விசாரிப்பார்கள். மிச்சமாகும் நேரத்தையும் செலவையும் வைத்து, புதிய வீதிக்கு எத்தனை பேர் மாறுவார்கள் என்று கணிப்பார்கள். வீதி வந்ததால் புதிதாக உருவாகும் பயணங்களும் உண்டு. கடைசியில் வருடாந்த வளர்ச்சியைச் சேர்ப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். வருடம் 3 வீதம் வளர்ந்தால் இன்றைய 100 வாகனம் 20 வருடத்தில் சுமார் 180 ஆகும். 6 வீதம் என்றால் 320. நமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். இவற்றை எந்தக் கணக்கு முன்கூட்டிக் கண்டது? டென்மார்க் ஆய்வாளர்கள் 14 நாடுகளின் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி, வீதித் திட்டங்களில் பாதியில் கணிப்புக்கும் உண்மைக்கும் இடையில் 20 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது.

கணிப்பு சரியாக வந்தாலும், அது போகும் வாகனத்தையே சொல்லும். நிற்கும் வாகனத்தைச் சொல்லாது. எனது கடை காலி வீதியில். 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை காலி வரை திறக்கப்பட்டதும், இரவில் தேநீருக்கு நின்ற தூரப் பயணிகள் குறைந்தனர். ஊர்ச் சனம் குறையவில்லை. அவர்களே கடையைக் காப்பாற்றினர்.

ஆகவே தம்பியிடம் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொன்னேன். எந்த மாதம், எந்த நாளில் எண்ணினார்கள்? வளர்ச்சி எத்தனை வீதம் என்று வைத்தார்கள்? நடுவே தடுப்புச் சுவர் வருமா? வந்தால் எதிர்ப்பக்க வாகனம் கடைப் பக்கம் திரும்பாது. அத்துடன், ஏற்கனவே உள்ள ஒரு பைபாஸ் வீதியோரம் ஒரு சாதாரண நாளும் ஒரு சந்தை நாளும் கொப்பியோடு இருந்து, எத்தனை போகிறது, எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கவும் சொன்னேன்.

எண்ணிவிட்டு வந்த தம்பி, முதலில் இரண்டு வருடத்துக்குத் தரும்படி கடைச் சொந்தக்காரரிடம் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.