பிரம்பைப் பயிரிடுவோமா?

அண்ணாமலையை வலம் வந்த களைப்போடு, அடி அண்ணாமலையில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். நமக்கு இட்ட பிரம்பு நாற்காலி அவருடைய தகப்பனார் காலத்தது. பின்னல் அறுந்த இடத்தில் பிளாஸ்டிக் நாடாவைக் கட்டியிருந்தார்.

"பின்னித் தர ஆள் அகப்படவில்லை, நல்ல பிரம்பும் கிடைக்கவில்லை. நாமே இங்கே பயிரிட்டால் என்ன?" என்றார் நண்பர்.

நியாயமான கேள்விதான். பிரம்பு பார்வைக்கு மூங்கிலைப் போன்றதாயினும் புல்லினம் அன்று. தென்னைக்கும் பனைக்கும் உறவு. மூங்கில் உள்ளே குழல், பிரம்போ கெட்டி. ஆகையால்தான் சூடு காட்டினால் ஒடியாமல் வளைகிறது. தானாக நிமிர்ந்து நிற்கும் வலிமை அதற்கில்லை. முள் நிறைந்த சாட்டை போன்ற உறுப்பால் அண்டை மரத்தைப் பற்றி மேலேறுகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஈரமான தாழ்நிலங்களில் வளரும் இனத்துக்கு லின்னேயஸ் 1753-ல் 'கலாமஸ் ரோடாங்' என்று பெயர் சூட்டினார்.

பழத்தின் செதில் தோலையும் சதையையும் நீக்கி, விதை உலருமுன் நிழலில் விதைக்கவேண்டும். நாற்று ஓராண்டு வளர்ந்தபின் மழைக்காலத் தொடக்கத்தில் மரத்தடியில் நடலாம். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. இரண்டும் இருந்தால்தான் விதை கிட்டும். வெட்டுவதற்குப் பல ஆண்டுகள் பொறுக்கவேண்டும். தூராக வளரும் இனமாதலால், முற்றிய தண்டை மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். கேரளத்துப் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வளர்ப்பை ஆராய்ந்து வழிகாட்டியிருக்கிறார்கள்.

கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் கிராமத்தில் பிரம்பு வேலை பரம்பரைத் தொழில். ஆனால் அங்குள்ள கைகளுக்கு வேண்டிய பிரம்பு அஸ்ஸாம் முதலிய தொலைவிடங்களிலிருந்து வரவேண்டியிருக்கிறது. உலகத்துப் பிரம்பில் பெரும்பகுதியை விளைவிக்கும் இந்தோனேஷியாவோ, வேலை தன் மக்களுக்கே கிட்டவேண்டுமென்று, கச்சாப் பிரம்பின் ஏற்றுமதியை 2012-ல் தடுத்துவிட்டது. மூலப்பொருளுக்கு அயலாரை நம்பியிருக்கும் தொழில், அவர்கள் கதவைச் சாத்தினால் என்ன செய்யும்?

ஆகவே நண்பருக்கு நாம் கூறிய விடை இது: "வறண்ட மலைச்சரிவில் வேண்டாம், வீண் முயற்சியாகும். நீர் வற்றாத கிணற்றடியில், நிழல் தரும் மரத்தை ஒட்டி நாலு தூறு வைத்துப் பாருங்கள். இலாபத்தை இப்போதே கணக்கிடவேண்டாம்."

நண்பர் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தார். "தகப்பனார் வாங்கியதில் நான் உட்காருகிறேன். நான் நடுவதில் பேரன் உட்காரட்டும்" என்றார்.