இளையோரும் விழித்திரைப் பரிசோதனையும்

'நீரிழிவு' என்னும் சொல்லில் உள்ள 'இழிவு' என்பதற்கு வடிதல், கீழிறங்குதல் என்பதே பொருள். அருவி மலையிலிருந்து இழிகிறது என்கிறோமல்லவா, அந்த இழிதல்தான். ஆனால் இன்றைக்கு இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் காதில் அச்சொல் விழுந்தால், கேவலம் என்கிற பொருள்தான் முன்னே வந்து நிற்கிறது. அதனாலோ என்னவோ எல்லாரும் 'சுகர்' என்று சொல்லிச் சமாளிக்கிறோம். நான் மருத்துவன் அல்லேன். மும்பையில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். இளவயதில் இந்நோய் கண்டவர்கள் கண் பரிசோதனைக்கு ஏன் போவதில்லை, போகிறவர்கள் எதனால் போகிறார்கள் என்பதைப் படித்தும் பார்த்தும் அறிந்த அளவில் எழுதுகிறேன்.

கண்ணின் உட்சுவரில் விழித்திரை இருக்கிறது. சர்க்கரை மிகுந்த இரத்தம் பல ஆண்டுகள் ஓடினால், அங்குள்ள மயிரிழை போன்ற நாளங்கள் நலிந்து, புடைத்து, கசியத் தொடங்கும். சில அடைபட்டுப் போகும். இரத்தம் வராத இடத்தில் புது நாளங்கள் முளைக்கும். அவை வலுவற்றவை. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும், அல்லது விழித்திரையையே பிய்த்து இழுக்கும். இதில் விபரீதம் என்னவென்றால், அந்த நாள் வரைக்கும் வலி கிடையாது, பார்வையும் குறையாமல் இருக்கலாம். "எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு அண்ணாச்சி டாக்டரு?" என்று என் கடைப் பையன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். நன்றாகத் தெரியும்போதே போக வேண்டிய பரிசோதனை இது என்பது அவனுக்கு யாரும் சொல்லாத செய்தி.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்து விடுகிறது, பிறகு புரை வருகிறது. அந்தச் சாக்கில் கண் மருத்துவரிடம் போகிறார்கள், விழித்திரையும் பார்க்கப்படுகிறது. இளையவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு 'கண் டெஸ்ட் ஆச்சு' என்று நினைத்துக் கொள்வார்கள். அது கண்ணாடியின் பவர் பார்ப்பது மட்டுமே. விழித்திரை அதில் தெரியாது.

அடுத்தது, ஒரு நாள் கூலி. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்தால் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும், பைக் ஓட்டக் கூடாது. பைக்கில் பார்சல் கொண்டுபோய்ப் பிழைக்கிறவனுக்கு அது அன்றைய வரும்படி. வேலையில் சொன்னால் நோய் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் வேறு. ஜாதகம் எடுத்திருக்கும் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம், ஆஸ்பத்திரி ஃபைலையே பீரோவில் மறைத்து வைக்கும் வீடுகள் உண்டு. இங்கே பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை, பெரியவர்களாகிய நம்முடைய காரியம் இது.

சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்குத் திட்டு விழுமே என்ற கூச்சமும் இருக்கிறது. ஆக, யாருக்குப் பரிசோதனை மிகவும் தேவையோ அவரே ஒதுங்கிப் போகிறார். பிறந்த ஊரில் குழந்தை மருத்துவரிடம் காட்டி வந்தவர், வேலைக்கென்று வெளியூர் வந்ததும் எந்த மருத்துவரிடமும் இல்லாமல் போவது நம்மைப் போன்ற புலம்பெயர் குடும்பங்களில் அதிகம்.

போகிறவர்கள் ஏன் போகிறார்கள்? சர்க்கரை மருத்துவரே நேராக, தேதி குறித்து அனுப்பினால் போகிறார்கள். குடும்பத்தில் ஒருவர் பார்வை இழந்ததைக் கண்டவர்கள் போகிறார்கள். தம் விழித்திரையின் படத்தைத் திரையில் பார்த்தவர்கள் மறுபடியும் வருகிறார்கள். இங்கிலாந்தில் 2003-இல் தொடங்கிய திட்டப்படி 12 வயது முதல் எல்லா நீரிழிவு நோயாளிக்கும் அழைப்புக் கடிதம் போகிறது. அந்நாட்டில் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு இந்நோய் முதற்காரணமாக இருந்த நிலை, ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக மாறிவிட்டது என்று 2014-இல் அறிவித்தார்கள். அங்கேயும் முதியோரைவிட இளையோரே குறைவாக வருகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

வந்தால் பலன் உண்டா என்றால், உண்டு. 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 13 முதல் 39 வயதுக்குட்பட்ட 1,441 பேர் இருந்தனர். எல்லாரும் இன்சுலின் சார்ந்த முதல் வகையினர். தொடக்கத்தில் விழித்திரை பழுதில்லாதவர்களில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோருக்கு அந்நோய் வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. வந்த பிறகும் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. இருக்கும் பார்வையைக் காப்பதில்தான் அவை கெட்டிக்காரத்தனம் காட்டும். போனது முழுவதும் திரும்பாது.

முதல் வகையினர் நோய் கண்டு ஐந்து ஆண்டுக்குள்ளும், இரண்டாம் வகையினர் கண்டுபிடித்த உடனேயும் முதல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்திலேயே கண் பார்க்க வேண்டும், அப்போது நோய் வேகமெடுக்கலாம். பிறகு எத்தனை மாதத்துக்கொருமுறை என்பதை மருத்துவர் சொல்வார்.

இன்னொரு செய்தி. சொட்டு மருந்தில்லாமலே படமெடுக்கும் கேமராக்கள் பல சர்க்கரை மருத்துவமனைகளில் வந்துவிட்டன. அப்படங்களைக் கணினியே படித்துச் சொல்லும் முறைக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் பயன்பட்டன. அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. முதியோருக்குப் பாவை சுருங்கி, புரையும் இருப்பதால் அந்தக் கேமராவில் படம் மங்கலாம். இளையோருக்குப் பாவை பெரிது, கண்ணும் தெளிவு, பெரும்பாலும் மருந்தில்லாமலே படம் நன்றாக விழும். சில நிமிட வேலை, பைக்கிலேயே திரும்பி வந்துவிடலாம். மாத்திரை எழுதி வாங்கப் போகும் இடத்திலேயே அந்தக் கேமரா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.